குடைக்கடையில் வானம் கேட்டவர்

“வானம் நல்லா இருக்கு, ராத்தா. ஒரு பொட்டு மேகம் இல்ல.”

அன்று காலை சொல்வதற்கென்று நான் வைத்திருந்த வார்த்தைகள் இவை. சொல்லவில்லை.

புசல்லாவைக்கு மேலே, என் அத்தை குடியிருக்கும் லயத்தின், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசலில் நின்றிருந்தேன். ஓரிரு மணி நேரத்தில் ஒரு செயற்கைக்கோள் லயத்துக்கு மேலுள்ள மலைச்சரிவைப் படமெடுத்துக் கடக்க இருந்தது. படம் தெளிவாக விழுந்தால், மழை தொடங்குமுன் அந்த லயத்துக் குடும்பங்களை வேறிடம் மாற்றச் செய்யலாம். போன் அடித்தது, திரையில் பஸ்லியா ராத்தாவின் பெயர். வாயைத் திறந்தேன். பேசியது அவருடைய மகள்.

“அக்கா, உம்மா மௌத்தாயிட்டா. சுபஹு தொழுகைக்கு எழுப்பப் போனேன்…”

ராத்தா தூக்கத்திலேயே இறந்துபோயிருந்தார்.

இதைப் படிக்கும் கடைக்காரர்களான உங்களில் பலருக்கு அவர் ஒரு குரல் மட்டும்தான். காலையில் கடை திறக்கும்போது போனில் வந்து “வானம் எப்படி?” என்று கேட்ட பெண்குரல். எதற்காகக் கேட்டார் என்பதை நான் சொல்ல வேண்டும்.

கண்டி நகரில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் சிறிய அலுவலகம். தனியார் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களை வாங்கி, வெள்ளம் எதுவரை வந்தது, எந்தத் தேயிலை வாடுகிறது, எந்தச் சரிவில் மண் அசைகிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் தொழில். அவரும் நானும் எதிரெதிர் மேசைகளில் இருந்தோம். என்னைவிடச் சில வயது மூத்தவர் என்பதால், அவருடைய ஊரான அக்குறணை முஸ்லிம்கள் அக்காவை அழைப்பதுபோல் நானும் ராத்தா என்றே கூப்பிட்டேன்.

இந்த நாளில் இந்த இடத்தைப் படமெடுத்துத் தா என்று கேட்டால் செயற்கைக்கோள்காரர்கள் எடுத்துத் தருவார்கள். மேகம் மறைத்தால் அது கேட்டவர் பாடு. இலவம்பஞ்சு மூட்டையைப் படம் பிடித்ததுபோல் ஒன்று வந்து சேரும். ஆகவே எல்லோரும் வானிலை அறிக்கை பார்த்து நாள் குறிப்பார்கள். ராத்தாவுக்கு அது போதாது.

“அக்குறணைக்காரன்ட கடை இல்லாத டவுன் இந்த நாட்டுல எங்க இருக்கு? கடையத் தொறக்கிறவன் முதல்ல பாக்கிறது வானத்தத்தான். அவனட்டக் கேட்டா என்ன?” என்பார்.

கேட்கவும் செய்தார். புசல்லாவையில் அவருக்கு வாய்த்தவர் நியாஸ் நானா. பெரியம்மா மகன், அண்ணன் முறை; குடைக்கடை வைத்திருப்பவர். போனை மேசையில் வைத்து ஒலிபெருக்கியில் போடுவார் ராத்தா.

“நானா, வானம் எப்படி?”

“கறுத்துக்கிட்டு வருது. மழைதான். வந்து ஒரு குடை வாங்கிக்கிட்டுப் போ.”

“நேத்தும் இதத்தான் சொன்ன. வெயில் அடிச்சிச்சி.”

“அதுக்கும் குடை இருக்கு.”

போனை வைத்துவிட்டு என்னிடம் சொல்வார்: “குடைக்காரன் பேச்சுல பாதியக் கழி, புள்ள. மிச்சம் சரியா இருக்கும்.”

இன்னொன்று நினைவுக்கு வருகிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது ஏதாவது ஒரு வீட்டின் பின்புறம் திரையில் வந்தால் உள்ளங்கையால் மறைத்துவிடுவார். கொடியில் காயும் துணி அந்தப் படங்களில் ஒரு நிறக் கீற்று, அவ்வளவுதான். “இருந்தாலும் அது அவங்கட வீட்டு முத்தம். நமக்கு வேண்டியது கூரை” என்பார். பிறர் பார்வைக்குக் கூசுகிறவள் நான். அந்தக் கையை அவ்வளவு பிடித்திருந்தது என்று அவரிடம் சொன்னதில்லை.

புசல்லாவை விஷயத்துக்கு வருகிறேன். லயத்துக்கு மேலே நிலம் வெடித்திருந்தது. அது பழைய கான், மழைநீர் ஓடும் வாய்க்கால்தான் என்றது தோட்ட நிர்வாகம். ஆதாரம் கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றது. ராத்தா என்னோடு நேரில் வந்தார். அத்தை அவருக்குத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“ஏங்க, அம்புட்டு உசரத்துல இருந்து எங்க வெடிப்பு தெரியுமா?”

“வெடிப்பு தெரியாது அத்தை, அது ஒரு சாண்தானே. மேல போற நடைபாதை நகந்திருந்தா தெரியும். பழைய படத்தோட வச்சுப் பாக்கணும்.”

“அப்ப எங்க கோழிக?”

“தெரியாது. களவு போனா என்னக் கேக்காதீங்க.”

அந்த வேலைக்கு ஒரே ஒரு படம்தான் கேட்க முடியும் என்று அலுவலகம் சொல்லியிருந்தது. ராத்தா அவசரப்படவில்லை. தெளிவான காலைகள் வந்து போயின. ஒருநாள் பொறுக்க முடியாமல், “அங்க இருக்கிறது எங்க அத்தை, ராத்தா” என்று சத்தம் போட்டேன்.

“அதனாலதான், புள்ள. அந்த மலையில விடிய தெளிவா இருக்கும், செட்லைட் வார நேரத்துக்கு மூடிரும். ஒரு தடவதான் கேக்க ஏலும். கொஞ்சம் பொறு.”

கடைசியில் நாளைக் குறித்துப் படமும் கேட்டுவிட்டார். “குடைக்காரன நம்பி இருக்க ஏலா. நீ போய் நின்டு பாத்துச் சொல்லு” என்று என்னை அனுப்பியவரும் அவர்தான்.

போனை வைத்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். கம்பளை நகரைத் தாண்டும்போது செயற்கைக்கோள் கடக்கும் நேரம் வந்தது. கண்ணுக்குத் தெரியாது என்று அறிந்தும் யன்னலால் எட்டிப் பார்த்தேன். பக்கத்திலிருந்த அம்மா மடியில் வடகத் தட்டு வைத்திருந்தார். “மழ வருமாம்மா?” என்று கேட்டார்.

“வராதுங்க. வானம் நல்லா இருக்கு” என்றேன். சொல்லி முடித்தபின்தான் அழுதேன்.

அக்குறணையில் ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுப்பதற்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டேன். முகம் பார்த்தேன். வெளியே கதிரையில் நியாஸ் நானா, முதல்முறையாக நேரில். வேன் ஒன்றில் வந்திருந்தார்.

“காலையில அவட போன் வரும்டு கடை வாசல்ல நின்டேன் மகள். தெளிவா இருந்திச்சி. இன்டைக்காவது உண்மையச் சொல்லுவம்டு இருந்தேன்” என்றார்.

ராத்தாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை இரண்டு பழக்கங்கள். பிறர் வீட்டு முற்றம் திரையில் வந்தால் கை தானாக எழுகிறது. படம் கேட்குமுன் கடைகளுக்குப் போன் செய்கிறேன். நியாஸ் நானா இன்னும் மழை என்றுதான் சொல்கிறார். பாதியைக் கழித்துக்கொள்கிறேன்.

அன்றைய படம் மேகமில்லாமல் வந்தது. பழைய படத்தில் நேராகக் கிடந்த நடைபாதை, இதில் லயத்துக்கு நேர் மேலே முழங்கைபோல் வளைந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டியபின் நிர்வாகம் கான் என்று சொல்லவில்லை. குடும்பங்கள் பாடசாலைக் கட்டடத்துக்குப் போயின. அத்தை கோழிகளையும் கொண்டுபோனார். பிறகு மழை வந்தது. சரிவு இறங்கி லயத்தை மூடியது. உள்ளே ஒருவரும் இருக்கவில்லை.