பால் கறப்பவளுக்குப் பட்டு கிடையாது

அமெரிக்காவில், டெக்சாஸின் காப்பெல் ஊரில் மகள் படிக்கும் பள்ளியில், இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் ராணி காலத்து விருந்து ஒன்றை நடத்தினார்கள். சீட்டுக் குலுக்கியதில் மகளுக்குப் பால் கறக்கும் வேலைக்காரி வேடம் விழுந்தது. எல்லாரும் சிரிப்பார்கள் என்று அழுதாள்.

அவளுடைய தோழியின் அம்மா போன் செய்தார்.

"டீச்சருக்கு மெயில் பண்ணி வேஷத்த மாத்துங்க. இல்லன்னா பட்டுப்பாவாடையாவது போட்டு அனுப்புங்க. என் பொண்ணுக்கும் கொல்லன் மகள் வேஷம்தான். ஊதாப் பட்டு எடுத்து வச்சிருக்கேன்."

நான் படித்துப் பார்த்தேன். யார் எந்தத் துணி உடுத்தலாம் என்று அன்று சட்டமே இருந்தது. ஊதாப் பட்டு அரச குடும்பத்துக்கு உரியது. சாயமில்லாத முரட்டுத் துணியில் பாவாடை தைத்து, ஏப்ரன் கட்டி அனுப்பினேன்.

விருந்தில் மற்ற நம்மூர்ப் பிள்ளைகள் எல்லாரும் பட்டில் பளபளத்தார்கள். டீச்சர் சட்டத்தை வாசித்து, பட்டு உடுத்திய குடியானவர்களுக்கெல்லாம் பாத்திரம் எடுக்கும் தண்டனை கொடுத்தார்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றார் தோழியின் அம்மா.

"சொன்னா மட்டும் பட்ட விட்டிருப்பீங்களா?" என்றேன்.

அவரே சிரித்துவிட்டார். மகள் தூரத்திலிருந்து கத்தினாள்: "அம்மா, ஐ ஆம் த ஒன்லி லீகல் ஒன்!"