பதில் வாசிக்க ஓர் ஆள்

பெங்களூரில் ஒரு பெரிய ஹோட்டலின் உணவகத்தில் பல வருடங்கள் பியானோ வாசித்துக்கொண்டே பாடினேன். எல்லாம் ஜாஸ் பாட்டு. கூட ஒருவர் டிரம்ஸ், இன்னொருவர் பேஸ் கிதார். அரியலூரில் யாராவது மகள் என்ன செய்கிறாள் என்று கேட்டால், "மியூசிக் டீச்சரா இருக்கா" என்று அம்மா சொல்லிவிடுவாள். அவளே ஏலாக்குறிச்சிப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். டீச்சர் என்று சொன்னால் மேற்கொண்டு யாரும் கேட்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு முறை அம்மா நான் பாடுவதைப் பார்க்க வந்தாள். ஓரமாக ஒரு மேசையில், ஜூஸைத் தொடாமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முடிந்ததும் கேட்டாள்:

"நீ பாட்டுக்குப் பாடுற, அவங்க பாட்டுக்குத் திங்கறாங்க. ஒரு ஆளு திரும்பிக்கூடப் பாக்கலயே. உனக்குக் கஷ்டமா இல்லயாடி?"

"இல்லம்மா."

பொய் சொல்லவில்லை. நான் ஒரு வரியைக் கொஞ்சம் இழுத்துப் பாடினால், டிரம்ஸ்காரர் அதைக் கேட்டுச் சிரித்தபடி வேறு மாதிரி அடிப்பார். அதற்கு நான் பியானோவில் ஒரு பதில் சொல்வேன். அதற்குப் பேஸ்காரர் ஒன்று சொல்வார். நேற்று சொன்னதை இன்று சொல்ல மாட்டோம். மேடையில் மூன்று பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, கீழே யார் கேட்கிறார்கள் என்பது எனக்குப் பெரிதாகத் தோன்றியதே இல்லை.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் வேலையை விட்டுவிட்டு அரியலூருக்கு வந்தேன். அப்பா முன்பே போய்விட்டார், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. கீபோர்டை முன்னறையில் போட்டேன். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற தெரு அது. கீபோர்டுக் கட்டைகளின் மேல் வெள்ளையாகப் படியும் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். அங்கேதான் தமிழில் பாட்டு எழுத ஆரம்பித்தேன். உள்ளறையில் படுத்திருந்த அம்மா, பிடித்தால் நல்ல கையால் கட்டிலைத் தட்டுவாள். தாளத்தோடு சேராது. ஆனாலும் அது ஒரு பதில். அவளும் போன பிறகு, நான் வாசித்து நிறுத்தினால் அந்த வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான்.

அப்போது பெரம்பலூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற பையனைப் பற்றி சர்ச்சில் எனக்குத் தெரிந்த ஒரு சிஸ்டர் சொன்னார்கள். பையன் என்றால் முப்பது வயது இருக்கும். பைக்கில் பின்னால் டிரம்ஸைக் கட்டிக்கொண்டு வந்தான். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இதுல நான் எங்க அடிக்கிறது? கல்யாண வூட்ல இப்படி அடிச்சா, தாளம் தப்பிப் போச்சுன்னு எறக்கி வுட்டுருவாங்க."

"நான் சொல்றதக் கேளுங்க. கேட்டுட்டு, தோணுறத அடிங்க."

"ஒண்ணும் தோணலையேக்கா!"

இருந்தும் முகூர்த்தம் இல்லாத நாட்களில் வந்தான். ஒரு மத்தியானம், நான் வேண்டுமென்றே ஒரு சொல்லைத் தாமதமாகப் பாடினேன். அவன் காத்திருந்தான். சொல் வந்து விழுந்ததும் குச்சியால் ஓரத்தில் மெல்ல ஒரு தட்டு. இரண்டு பேரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம்.

"இன்னொரு தரம் போவமாக்கா?" என்றான்.

அன்று இருட்டும் வரை வாசித்தோம். பெங்களூரை விட்டு வந்த பிறகு நான் வயிறு நிறையச் சாப்பிட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

பெரம்பலூரில் ஒரு வரவேற்பில், சினிமாப் பாட்டு தொடங்கும் முன், எங்கள் இருவருக்கும் கொஞ்ச நேரம் வாங்கித் தந்தான். இரண்டாவது பாட்டிலேயே மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து, "தெரிஞ்ச பாட்டாப் பாடுங்கம்மா" என்றார். முடித்துக்கொண்டோம். எனக்குப் பழகிப்போன விஷயம். அவனுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

கொஞ்ச நாளில் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் அவனுக்கு வேலை கிடைத்தது. வீட்டில் பெண்ணும் பார்த்துவிட்டார்கள்.

"ஷிப்ட் மாறி மாறி வருதுக்கா. முன்ன மாதிரி வர முடியாது. தப்பா நெனச்சுக்காதீங்க."

"நல்ல விஷயம்தானே. போயிட்டு வாங்க" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவன் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்றேன். உள்ளே போக மனம் வரவில்லை.

அதன் பிறகு தனியாகவே பாட்டுகளைப் பதிவு செய்து இணையத்தில் போட்டேன். அதைக் கேட்டுத்தான் சென்னையில் ஒரு சின்ன அரங்கில் என்னைப் பாடக் கூப்பிட்டார்கள். யாரும் சாப்பிடவில்லை, யாரும் பேசவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் கை தட்டினார்கள். நல்ல பியானோ. அதில் நான் கேள்வியையும் பதிலையும் நானே வாசித்தேன்.

மறுநாள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அரியலூர் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு வயதான பெண்மணி பேச்சுக் கொடுத்தார்கள்.

"எங்க போயிட்டு வர்றீங்க?"

"மெட்ராசுக்குங்க. பாடப் போயிருந்தேன்."

"சினிமாப் பாட்டா, சாமிப் பாட்டா?"

"நானே எழுதினதுங்க."

"அட! ஒண்ணு பாடுங்களேன், பஸ்ஸு வர நேரம் கெடக்கு."

கூச்சமாக இருந்தது. ஆனாலும் மெதுவாக ஆரம்பித்தேன். அவர்கள் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லவி முடியும் முன்பே துறையூர் பஸ் வந்து நின்றது.

"எம் பஸ்ஸு வந்துருச்சும்மா, வரேன்" என்று ஓடிப்போய் ஏறினார்கள். ஜன்னலோரம் இடம் பிடித்து, எனக்குக் கையை ஆட்டினார்கள்.

பஸ் வெளியே போனது. மிச்சத்தையும் பாடி முடித்தேன்.