மெஷினுக்குக் கேளாத ஆழம்

இன்று மிச்சம் (Mitcham) என்ற ஊர்ப் பக்கம் போய், சிவராசா அண்ணையின் வீட்டுப் பின்வளவைக் கிண்டினேன். களவாக அல்ல, பழைய நாணயம் தேட அவரே அனுமதி தந்திருந்தார்.

தூறல் விடவேயில்லை. உலோகம் தேடும் மெஷினோடு இரண்டு மணித்தியாலம் நடந்தேன். சோடா மூடிகள், வளைந்த கரண்டி ஒன்று, கடைசியில் கறுத்துப்போன ஒரு பழைய பென்னிக் காசு.

அதை அண்ணையிடம் நீட்டினேன். அவர் மெஷினைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தம்பி, உதுக்கு எவ்வளவு ஆழம் வரைக்கும் கேக்கும்?”

“அரை அடி. மிஞ்சினால் முக்கால் அடி, அண்ணை.”

“இடுப்பளவு ஆழத்தில கிடந்தால்?”

“கேக்காது.”

பிறகுதான் சொன்னார். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வெளிக்கிட்ட அன்று, மனைவியின் நகைகளைப் பால்மா டின்னில் போட்டு, வீட்டுக் கிணற்றடியில் இடுப்பளவு குழி வெட்டித் தாட்டுவிட்டு வந்தாராம். இப்போது அந்த வளவில் ஆமி முகாம். மனைவி இன்றைக்கும் அதை நினைத்து அழுகிறாராம்.

“அப்ப ஆமியின்ர மெஷினுக்கும் கேக்காதெல்லோ?”

ஆமியின் கண்ணிவெடி தேடும் மெஷின் என்னுடையதைப் போல மலிவுச் சாமான் இல்லை என்று எனக்குத் தெரியும்.

“ஓம் அண்ணை, கேக்காது” என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. மனைவியிடம் சொல்ல உள்ளே ஓடினார். நான் குழிகளை மூடிவிட்டு, தேத்தண்ணிக்கும் நில்லாமல் பஸ் ஏறிவிட்டேன்.

ஆமியின் மெஷினுக்கு உண்மையில் எவ்வளவு ஆழம் கேட்கும்? தெரிந்தவர்கள் எனக்கு எழுதுங்கள். அண்ணைக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.