காலையில் அழுத்திய பச்சை

சொல்லக் கூசுகிறது. என் எட்டு வயது மகளுக்கு ஆஸ்துமா. அவளுடைய இருமலையும் இளைப்பையும் தினமும் ஒரு மொபைல் ஆப்பில் பதிய வேண்டும். சுகமென்றால் பச்சை, இருமினால் மஞ்சள், திணறினால் சிவப்பு. துபாயில் வேலை பார்க்கும் என் கணவரும் அதைப் பார்ப்பார். ஒருமுறை மஞ்சளைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு வருகிறேன் என்று போனில் அழுதார். அதற்குப் பயந்து, அவள் இருமிய நாட்களிலும் பச்சையையே அழுத்தினேன்.

போன மாதம் ஒரு நாள், காலையில் அவள் இருமியும் பச்சையை அழுத்தியிருந்தேன். மாலை பள்ளிவிட்டு வந்தவள் வாசலிலேயே சரிந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. இன்ஹேலர் அடித்தும் திணறல் அடங்கவில்லை. காயல்பட்டினத்துக் குறுகலான முடுக்குகளில் ஆட்டோ ஊர்ந்தபோது, என் கண் அவள் நெஞ்சை விட்டு அகலவில்லை.

ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்துவிட்டு, டாக்டர் என் போனைப் பார்த்தார். "எல்லாம் பச்சையா இருக்கே? இதப் பாத்துத்தானம்மா போன தடவ மருந்தக் கொறச்சேன்!"

"பொய் டாக்டர். நான்தான் போட்டேன்" என்றேன்.

அந்நேரம் கணவரின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதை அழுத்தினேன். "இன்னைக்கும் பச்சை! இப்பத்தான் நிம்மதியா சோறு எறங்குது, புள்ள." மாஸ்க்குக்கு மேலே மகளின் கண்கள் என்னையே பார்த்தன.

அவள் பிழைத்தாள். இப்போது உள்ளதைத்தான் பதிகிறேன். பச்சை போடும் நாளில்தான் பயம் அதிகம். அவள் முதுகில் காதை வைத்துக் கேட்ட பிறகே விரல் நகர்கிறது.