நான் காணிக்கையாகக் கொடுத்த தண்ணீர்

திருவிருந்துக்கு முழங்காலிடும் வரிசையில்தான் முதலில் தெரிந்தது. போதகர் அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். என் இரு பக்கமும் இருந்தவர்கள் முழங்காலிட்டுவிட்டார்கள். என் முழங்கால்கள் பாதிவரை மடங்கி நின்றுவிட்டன. அப்போது பெரிய வலி ஒன்றும் இல்லை. அதற்கு மேல் மடங்க மறுத்தன, அவ்வளவுதான். நான் நின்றபடியே கையை நீட்டி வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து செருப்பைத் தேடுவதற்குள் சபையின் மூத்தவரான தாசப்பன் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“ஏனுங்க, ரிட்டயர்டு ஆயி நாலு வருசம் ஆச்சு. ஆபீசருக்கு இன்னும் முட்டி மடங்க மாட்டேங்குதே. சாமி முன்னாடியாச்சும் மடங்கக் கூடாதுங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காரிமங்கலத்தைச் சுற்றி முப்பத்து நான்கு ஆண்டுகள் வட்டார வளர்ச்சி அலுவலகங்களில் கோப்பு பார்த்தவன் நான். பெருமைக்காரன் என்ற பெயர் எனக்கு உண்டு, அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மடங்காமல் போனது எலும்பு.

இதைப் படிப்பவர்களில் முட்டிக்குக் களிம்பு தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் இருப்பீர்கள். நான் இரண்டு ஆண்டுகள் தேய்த்தேன். மூட்டுத் தேய்மானம் (எலும்பு முனைகளுக்கு இடையிலுள்ள குருத்தெலும்பு கரைவது) என்றார்கள். வயதானால் வருவது என்றார்கள். மாத்திரை விழுங்கினேன். அதற்குள் கழுத்து இறுகியது. டம்ளரை அண்ணாந்து குடிக்க முடியவில்லை. வண்டி ஓட்டும்போது பின்னால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. ஒருநாள் பாலக்கோடு பேருந்து நிலையத்தில் ஒரு பெண்மணி, “சார், உங்க செருப்பு அங்க கெடக்குது” என்றார். இருபதடி தள்ளிக் கிடந்தது. கழன்றதுகூட என் காலுக்குத் தெரியவில்லை.

மகள் சுகந்தி என்னைச் சேலத்துக்கு அழைத்துப் போனாள். என் மனைவி இறந்தபின் வீட்டை நடத்துபவள் அவள்தான். கணவர் ஓசூரில் வேலை செய்கிறார், வார இறுதியில் வருவார். அவர்களுடைய ஒரே மகள் பெனிட்டாவுக்குப் பதினாலு வயது. பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் வளர்கிறாள்.

சேலத்து மருத்துவர் என் மகளைவிட இளையவர். கழுத்தையும் காலையும் பார்த்துவிட்டு முன்கையை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலி இல்லாத இடத்தை ஏன் படம் எடுக்கிறீர்கள் என்று, எந்த விதிப்படி என்று விசாரிக்கும் அலுவலகத் தொனியில் கேட்டேன். படம் வந்ததும் அவர் அதை விளக்கில் மாட்டினார். எலும்பு சுண்ணாம்புக்கட்டி போல வெளுத்திருந்தது. கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே வேலிமுள் மாதிரி ஏதோ வளர்ந்திருந்தது.

“எந்த ஊருங்க ஐயா?”

“தருமபுரி மாவட்டம்.”

“அதான் எலும்பே சொல்லுதே. எந்தத் தண்ணி குடிக்கறீங்க?”

“காவிரித் தண்ணி. கூட்டுக் குடிநீர்.”

அது பொய். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எலும்பு ஃபுளோரோசிஸ் (தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு என்ற உப்பு பல ஆண்டுகளாக எலும்பில் படிந்து அதைக் கெட்டியாக்கி, மூட்டுகளை இறுக்கும் நோய்) என்றார். அது கழுத்தில் தண்டுவடத்தை (மூளையிலிருந்து முதுகு வழியே இறங்கும் நரம்புக் கற்றை) நெருக்குகிறது, விட்டால் கால் முழுதும் போய்விடும் என்றார். சிறு வயதிலிருந்து குடித்த கிணற்றுத் தண்ணீராக இருக்கலாம் என்று அவரே ஒரு காரணமும் கொடுத்தார். நான் நன்றியோடு அதைப் பிடித்துக்கொண்டேன்.

மருத்துவர் எந்தத் தண்ணீர் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் உங்களுக்குப் பயன்படக்கூடிய வரி அநேகமாக இது ஒன்றுதான்.

இனி என் உண்மை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆலய வளாகத்தில் தண்ணீர் இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் தாகத்தோடு பக்கத்து வயல் பம்புசெட்டுக்கு ஓடுவார்கள். வீட்டுக்கு மாடி கட்ட வைத்திருந்த சேமிப்பைக் கொடுத்து நான் ஆழ்துளைக் கிணறு போட்டேன். மோட்டாரும் தொட்டியும் குழாயும் வைத்தேன். வளாகத்தை ஒட்டிய என் வீட்டுக்கும் ஒரு இணைப்பு. மாடி போனதே என்று மனைவி ஒரு வாரம் பேசவில்லை. ஆண்டவருக்குக் கொடுப்பதென்றால் வலிக்கத்தான் வேண்டும் என்று அவளுக்கு விளக்கம் சொன்னேன். தொட்டியில் கருங்கல் பதித்தோம். ஆண்டவருடைய மகிமைக்கு என்பது சிறிய எழுத்தில் இருந்தது. என் பெயரும் பதவியும் தெரு முனையிலிருந்தே படிக்கும்படி இருந்தன.

தண்ணீர் மாதிரியைச் சோதனைக்கு அனுப்பியதும் நானே. அதுதான் முறை. அர்ப்பணிப்பு ஆராதனை முடிந்து நாலாம் நாள் அறிக்கை வந்தது. ஃபுளோரைடு அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது, குடிக்க உகந்ததல்ல, வேறு தேவைகளுக்குப் பயன்படுத்தலாம்.

இதில் எனக்குப் புரியாத சொல் ஒன்றும் இல்லை. ஊர் ஊராகப் போய் இப்படிப்பட்ட பம்புகளில் சிவப்பு பெயிண்டால் எச்சரிக்கை எழுத வைத்தது என் பிரிவுதான். ஆனால் அவை அரசு நிதியில் போட்டவை. இது தனியார் காணிக்கை. ஆகவே அந்த நடைமுறை இதற்குப் பொருந்தாது என்று ஒரு முடிவுக்கு வந்தேன். முடிவை அறிக்கையின் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டு, வீட்டு பீரோவில் ‘ஆலயம் – இதர’ என்ற கோப்பில் வைத்தேன். கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால் பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு தாளைக்கூட நான் கிழித்ததில்லை.

தெருவுக்குக் காவிரித் தண்ணீர் வந்த பிறகும் எங்கள் வீட்டில் குடிக்க ஆலயத் தண்ணீர்தான். தீங்கு இருந்தால் முதலில் என்னைத்தானே தாக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குத் தியாகம் என்று பெயரும் வைத்திருந்தேன்.

அறுவைக்கு நாள் குறித்தார்கள். லேமினெக்டமி (தண்டுவடத்தை நெருக்கும் எலும்பு வளையங்களின் பின்பகுதியை எடுத்துவிடுவது). ஒப்புதல் படிவத்தை முழுதாகப் படித்து, இரண்டு இடத்தில் பிழை திருத்தி, கையெழுத்திட்டேன். “இதை யாருமே படிச்சதில்லீங்க சார்” என்றார் செவிலியர். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை தேவைப்பட்டது. பீரோவில் மூன்றாம் தட்டில் பார் என்று சுகந்தியிடம் தொலைபேசியில் சொன்னேன். முதல் கோப்பில் அட்டை இல்லாததால் அவள் அடுத்ததையும் திறந்திருக்கிறாள்.

மறுநாள் காலை அட்டையைக் கட்டில் பக்கத்து மேசைமேல் வைத்தாள். அதன் மேல் அந்த அறிக்கையை வைத்தாள்.

“இது என்னங்கப்பா?”

“தண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்.”

“எனக்கும் படிக்கத் தெரியும். கீழ எழுதியிருக்கீங்களே, ‘பார்வையிட்டேன், மேல்நடவடிக்கை தேவையில்லை, கோப்பில் வைக்கவும்’னு. யாருக்கு எழுதுனீங்க? நம்ம வூட்டுல உங்களுக்கு யாரு கிளார்க்கு?”

அறிக்கையின் அடியிலிருந்து காப்பீட்டு அட்டையை உருவி எடுத்தேன்.

“தேதியப் பாருங்க. பெனிட்டா பொறக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி. மாசமா இருக்கற பொண்ணு, கோயில் தண்ணி குடிக்கட்டும்னு குடம் குடமாப் புடிச்சு வெச்சீங்க.”

“நானும் அதையேதானே குடிச்சேன்.”

“அதனால? நீங்களும் குடிச்சா எங்களுக்கு அது நல்ல தண்ணி ஆயிருமா?” அவள் குரல் உயரவில்லை. “அவ பல்லுல பழுப்பு பழுப்பா இருக்குதே, ஒழுங்கா வெளக்கலன்னு எத்தன நாளு அவள அடிச்சிருக்கேன், தெரியுங்களா? நீங்க பக்கத்து ரூம்ல பைபிள் படிச்சுக்கிட்டு இருப்பீங்க. ஒரு நாளாச்சும் வந்து, அடிக்காதன்னு சொன்னீங்களா?”

சொல்லவில்லை. ஃபுளோரைடு பல்லையும் பழுப்பாக்கும் என்பது எனக்குத் தெரியும். குழந்தை அழுவது கேட்கும். நான் பக்கத்தைத் திருப்புவேன்.

அன்று பிற்பகல் அவளே மருத்துவரிடம் போய், என் தண்ணீர் வரலாற்றைத் திருத்தி எழுத வைத்தாள்.

அறுவை நன்றாகவே முடிந்தது. எட்டாம் நாள் நடைச்சட்டத்தைப் (நான்கு கால் உள்ள கைப்பிடி) பிடித்து நின்றேன். மூன்று மாதத்தில் வீட்டுக்குள் நடந்தேன். கழுத்து இறுக்கம் அப்படியே இருக்கிறது, அது போகாது. நல்ல தண்ணீர், பால், நெல்லிக்காய், கால்சியம் மாத்திரை. பால் கலக்காத தேநீர் கூடாது. எலும்பில் சேர்ந்தது வெளியேறப் பல ஆண்டுகள் ஆகும், முழுதாக வெளியேறாது என்றார் மருத்துவர். பல்லைப் பற்றி நான்தான் கேட்டேன். “எலும்பாவது கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். பல்லு விடாதுங்க” என்றார்.

ஆலயத்துக்குப் போன முதல் ஞாயிறு, சாட்சி சொல்லும் நேரத்தில், நடைச்சட்டத்தோடு எழுந்தேன். அறிக்கை வந்த நாள், அதை மறைத்தது, மருத்துவரிடம் பொய் சொன்னது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். இனி யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றேன். என்மேல் கல் விழும் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், விழ வேண்டும் என்று விரும்பினேன்.

போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “இத்தனை பேர் முன்னாடி தன்னைத் தாழ்த்திக்கிறதுக்கு எவ்வளவு கிருபை வேணும்! நம்ம பிள்ளைங்க இதைப் பார்த்துக் கத்துக்கணும்” என்றார். எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் வழக்கம்போலக் குழாயடிக்கு ஓடினார்கள்.

தாசப்பனைப் பிடித்துக் கேட்டேன்.

“ஜெபம் பண்ணித் தொறந்த தண்ணிங்க. அதுல போயி வெசம் இருக்குமா?” என்று தன் பற்களைக் காட்டினார். அவையும் பழுப்பு. “நம்ம பக்கம் யாருக்குங்க பல்லு வெள்ளையா இருக்குது? நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க.”

அறுவடைக் காணிக்கை படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று எனக்குச் சால்வை போர்த்தினார்கள். தாழ்மைக்காக. கழுத்து குனியாததால் போதகர் நாற்காலி மேல் ஏறித்தான் போர்த்த வேண்டியிருந்தது.

குழாயை அடைக்கும்படி சபைக் கமிட்டிக்கு முறைப்படி மனு கொடுத்தேன். அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் உறுப்பினர் எண்ணிக்கை போதவில்லை. அதற்கடுத்த கூட்டத்தில் துணைக்குழு அமைத்தார்கள். இந்த வைத்தியம் எனக்குப் புதிதல்ல. எத்தனையோ கிராமத்தாருக்கு நானே செய்திருக்கிறேன்.

சுகந்தி எந்தக் கமிட்டிக்கும் போகவில்லை. ஒரு சனிக்கிழமை மெக்கானிக்கை அழைத்துவந்து மோட்டாரை மேலே தூக்க வைத்தாள். தாசப்பன் ஓடிவந்தார்.

“யாரக் கேட்டும்மா எடுக்கற?”

“எங்கப்பா வெச்ச மோட்டாருங்க. வேணும்னா அவரு மேல கேஸ் போடுங்க. வந்து நிப்பாரு. குனியத்தான் மாட்டாரு.”

அந்த வாரம் சபையில் பலர் அவளோடு பேசவில்லை. ஆண்டவருடைய ஆசீர்வாதத்தைப் பிடுங்கிப் போட்டவள் என்றார்கள். எனக்குக் கிடைக்காமல் போன கல் அவளுக்குக் கிடைத்தது. அவளுக்குச் சால்வை கிடையாது.

மோட்டார் எடுத்த மறுநாள், ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவளும் பெனிட்டாவும் தெருக்கோடிக் குழாயில் காவிரித் தண்ணீரைக் கேன்களில் பிடித்து, ஸ்கூட்டரில் நாலு நடை ஆலயத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கடுத்த ஞாயிறும் போனார்கள். முதல் இரண்டு வாரம் கேனை ஒருவரும் தொடவில்லை. வெயில் ஏறியதும் தொட்டார்கள். பெனிட்டா என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. திடப்படுத்தல் வகுப்புக்கு (திருவிருந்தில் முதன்முதலாகச் சேரப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்தும் வகுப்பு) இனி போகமாட்டாள் என்றே நினைத்தேன். கேட்கத் துணிவு இல்லை. ஒருநாள் வாசலில் கேனைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னாள்: “தண்ணி எறக்கிட்டு அப்படியே கிளாசுக்குப் போயிட்டு வந்துடறேன்மா. தாத்தாவுக்காக ஒண்ணும் இல்ல.”

அவளுக்கு விசுவாசத்தைக் கொடுத்தவன் நான் என்று நினைத்திருந்தேன். நான் கொடுத்தது அவள் பல்லில் இருக்கிறது. மற்றதை அவள் வேறு எங்கோ பெற்றிருக்கிறாள்.

இப்போது ஆலயத்தில் எனக்கு வாசலோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. என் கழுத்து மேலேயும் போகாது, கீழேயும் வராது. உட்கார்ந்தால் என் பார்வை ஒரே உயரத்தில் நிற்கிறது. அது பிள்ளைகளின் வாய் உயரம். ஞாயிறு பள்ளி விட்டதும் சிரித்துக்கொண்டே வரிசையாக என்னைக் கடந்து போவார்கள். பலிபீடத்தைப் பார்க்க நான் உடம்பையே திருப்ப வேண்டும். இதைப் பார்க்க ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

நாள் கணக்கும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் பதவி உயர்வு, ஓய்வு, ஓய்வூதியம் என்று எண்ணினேன். மோட்டார் எடுத்தபின் பிறந்த முதல் குழந்தைக்குப் போன மாதம் ஞானஸ்நானம் நடந்தது. கேன் தண்ணீரில்தான் கொடுத்தார்கள். இப்போது விழுந்து முளைக்கும் பற்களெல்லாம் பழைய தண்ணீரில் உருவானவை, பழுப்பாகவே வரும் என்பது எனக்குத் தெரியும். இந்தக் குழந்தைக்குப் பால் பல் விழுந்து நிலைப்பல் முளைக்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். எனக்கு இப்போது அறுபத்தேழு.

வீட்டுக்கு வரும் வழியில் இதைச் சுகந்தியிடம் சொன்னேன். அவள் நடைச்சட்டத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி மெதுவாக நடந்து வந்தாள். வீட்டு வாசல் வந்ததும் சொன்னாள்:

“இருந்து பாருங்கப்பா. அதுக்குள்ள செத்துத் தப்பிச்சுக்காதீங்க.”