பச்சை டிசைனுக்குப் பாண்டீஸ்வரி போட்ட மார்க்கு

போடிநாயக்கனூரில் பால்சாமியின் ஏலக்காய்க் கம்பெனிக்குப் புதிதாக வேலைக்கு வருகிற எவரும் முதலில் பார்க்கிற முகம் பாண்டீஸ்வரியுடையதுதான். வாசலை ஒட்டி ஒரு மேசை, பின்னால் ஒரு நாற்காலி, அதில் அவள். ஆதாரை வாங்கி நகல் எடுப்பாள், போட்டோ ஒட்டுவாள், கையெழுத்து வாங்குவாள். பிறகு, "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஜீப்பு. பஸ்ஸ்டாண்டுக்குப் பின்னாடி டீக்கடை முக்குல நிக்கணும். முன்வாசல்ல நின்னீங்கன்னா ஜீப்பு ஒங்களப் பாக்காது, நீங்களும் ஜீப்பப் பாக்க மாட்டீங்க" என்று மூன்று தடவை சொல்வாள். மூன்றாவது தடவை எதிரே இருப்பவரையே திருப்பிச் சொல்ல வைப்பாள்.

இவ்வளவு பாடு எதற்கென்றால், போடிமெட்டு மலைச்சரிவில் காய் உலர்த்துகிற கம்பெனி ஸ்டோருக்குப் போகும் ஜீப்பில் முதல் நாள் ஏறாதவர் பெயரை, மேலே இருக்கிற சூப்பர்வைசர் அன்றைக்கே அடித்துவிடுவார். அந்த இடத்துக்கு அவருடைய கொழுந்தியாளோ, கொழுந்தியாளின் நாத்தனாரோ எப்போதும் தயாராக இருப்பார்கள். இத்தனை வருசத்தில் அந்தக் குடும்பத்துக்குப் பாண்டீஸ்வரி விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு வேலைதான். அதுவும் அவள் அம்மை போட்டுப் படுத்திருந்த வாரத்தில்.

ராசிங்காபுரத்துக்காரி அவள். பத்தொன்பது வயதில் இதே கம்பெனியில் காய் பொறுக்க உட்கார்ந்தவள். தரையில் சம்மணம் போட்டுக் குனிந்து, காம்பைக் கிள்ளி, வெடித்த காயைத் தள்ளி, பன்னிரண்டு வருசம் ஓட்டினாள். அதில் கழுத்து போனது, தூசியில் மூக்கும் போனது. இன்றைக்கும் பிரியாணி வாசம் அவளுக்குத் தெரியாது. கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று ஒருநாள் முதலாளி அவளைத் தூக்கி மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார். நாற்காலி கிடைத்ததிலிருந்து அவள் நடையே மாறிவிட்டதாகப் புருசனே கேலி பேசினான். மாறத்தான் செய்தது. பன்னிரண்டு வருசம் குனிந்தே இருந்தவள் நிமிர்ந்தால் நடை மாறாதா?

அந்த நாற்காலிக்குத்தான் போன வருசம் ஆபத்து வந்தது. வந்த ஆபத்தின் பெயர் ராஜ்கமல்.

முதலாளியின் மகன். பெங்களூரில் இரண்டு வருசம் இருந்துவிட்டுத் திரும்பியவன், கம்பெனியில் என்னவெல்லாம் இல்லை என்று கண்டுபிடிப்பதையே முழுநேரச் சோலியாக வைத்துக்கொண்டான். பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. அது அவன் கண்ணில் படவில்லை. புது ஊழியர்களுக்கென்று ஒரு வெப்சைட் இல்லை, அது பட்டுவிட்டது. உடனே மதுரையில் ஆள் பிடித்து மூன்று டிசைன் போட்டு வாங்கினான்.

"அக்கா, இது மட்டும் வந்துருச்சுன்னா இந்த டேபிளே தேவையில்ல. எல்லாம் போன்லயே பாத்துக்கிருவாங்க. நீங்க பழையபடி பொறுக்குற எடத்துக்கே போயிரலாம். அங்க ஒங்களுக்குப் பழகுன ஆளுகதான?" என்றான். தீபாவளி போனஸ் அறிவிக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொன்னான். பாண்டீஸ்வரி "சரி தம்பி" என்றாள். அந்தக் கம்பெனியில் அதைத் தவிர வேறு பதிலை யாரும் பழகியிருக்கவில்லை.

மறுநாள் கருத்துக் கேட்கும் கூட்டம். மூன்று டிசைனையும் கலரில் அச்சடித்து மேசையில் வைத்தான் ராஜ்கமல். பத்துக்கு எத்தனை மார்க்கு என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஆனால் முப்பது வருசமாக அந்த மேசையில் வைக்கப்பட்டதெல்லாம் ஏலக்காய் சாம்பிள்தான். சாம்பிளை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் டிசைனையும் பார்த்தார்கள். பால்சாமி முதல் வேலையாக டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார். காயின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மூன்று தாளும் சன்னலோரம் போயின.

முதல் டிசைன் வெள்ளைப் பின்னணியில் பெரிய கறுப்பு எழுத்து. முதலாளி கையில் எடுத்ததுமே உதட்டைப் பிதுக்கினார். "வெளிறிக் கெடக்கேப்பா. போன வருசத்துச் சரக்கு மாதிரி இருக்கு. ஏலத்துல ஒரு பய தொட மாட்டான்."

இரண்டாவதில் மலை, மேகம், சிரிக்கிற ஒரு பெண். அந்தப் பெண் மலைக்காரி மாதிரியே இல்லை என்று தள்ளினார்.

மூன்றாவது கரும்பச்சை. பின்னணியும் பச்சை, எழுத்தும் கொஞ்சம் வெளுத்த பச்சை. முதலாளியின் முகம் மலர்ந்தது. பச்சை கூடக்கூட விலை கூடுகிற தொழிலில் நரைத்தவர் அவர். ஆனாலும் வெளிறிய காய்க்குச் சாயம் ஏற்றி விற்கிறவர்களையும் பார்த்தவர் என்பதால் சந்தேகம் விடவில்லை. விரலை நாக்கில் தொட்டு, தாளை அழுத்தித் தேய்த்தார். விரல் பச்சையானது.

"சாயம் விடுதேடா!"

"அப்பா, அது பிரிண்டர் மைப்பா."

மேனேஜர் அன்புச்செல்வன் குறுக்கே பாய்ந்தார். "இது நல்ல சாயம் மொதலாளி." முதலாளி வாய் திறக்கும் முன் கருத்துச் சொல்வது அவர் வழக்கமில்லை, ஆனால் முகம் மலர்ந்ததை அவர் பார்த்துவிட்டார். முதலாளி பச்சைக்கு எட்டு மார்க்கு என்றார். அன்புச்செல்வன் எட்டரை என்றார். மற்றவர்கள் ஒன்பதில் போய் நின்றார்கள்.

ராஜ்கமலுக்கு முகம் தொங்கிவிட்டது. அவன் மனசு வெள்ளையில்தான் இருந்தது. கடைசி முயற்சியாகப் பாண்டீஸ்வரியிடம் திரும்பினான். "அக்கா, இதப் பாக்கப்போற ஆளுகள ஒங்களுக்குத்தான் தெரியும். மனசுல பட்டதச் சொல்லுங்க."

"ஆமா, பாண்டீசு சொல்லட்டும். அவ சொல்றபடியே வச்சுக்குவோம்" என்றார் முதலாளியும்.

அவள் வெள்ளைத் தாளை எடுத்தாள். முதல் வரியிலேயே ஜீப்பு ஆறு மணிக்கு என்று இருந்தது. அடுத்த வரியில் பஸ்ஸ்டாண்டுக்குப் பின்புறம், டீக்கடை முக்கு. கீழே அந்த முக்கின் போட்டோ, அதற்கும் கீழே கூப்பிட ஒரு நம்பர். அவள் மூன்று தடவை தொண்டை வறளச் சொல்வதை அது ஒரே தடவையில் சொல்லிவிட்டது. இது வந்தால் தன் நாற்காலியில் இதுதான் உட்காரும் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிறகு பச்சைத் தாளை எடுத்தாள். ஜீப்பு எங்கே வரும் என்று தேடினாள். இன்னொரு பக்கத்தின் அடியில், பச்சைக்குள் பச்சையாகப் பதுங்கியிருந்தது. அவளுக்கே கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது. மலைக்குப் போகிறவள் தெருவில் நின்று, வெயிலில், கீறல் விழுந்த போனில் பார்த்தால் ஒரு எழுத்தும் தெரியாது.

"பச்சைதான் தம்பி. கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றாள். "பத்துக்குப் பத்து."

எல்லோரும் கை தட்டினார்கள். அனுபவம் என்றால் இதுதான் என்று அன்புச்செல்வன் பாராட்டினார். ராஜ்கமல் மட்டும் அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடினான்.

வெப்சைட் வந்தது. இனி எல்லாம் போன்தான், யாரும் வாயால் எதுவும் சொல்லக்கூடாது என்று உத்தரவும் வந்தது. முதல் திங்கள்கிழமை மலைக்குப் போக வேண்டியவர்கள் ஆறு பேர். நாலு பேர் பழைய ஆட்களைக் கேட்டு எப்படியோ டீக்கடை முக்குக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேர் பஸ்ஸ்டாண்டு முன்வாசலில், போனைக் கையால் மறைத்து மறைத்துப் பார்த்துக்கொண்டே எட்டு மணிவரை நின்றார்கள். மேலே சூப்பர்வைசர் குடும்பத்துக்கு அன்று நல்ல நாள்.

விசயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். "வெப்சைட்டுல ஒரு கொறையும் இல்ல. வர்ற ஆளுகளுக்குப் பாக்கத் தெரியல. பாண்டீசு அந்த டேபிள்லயே இருந்து எல்லாத்துக்கும் அத வாசிச்சுக் காட்டட்டும்." அவளுக்கு வெப்சைட் உதவியாளர் என்று பதவிப் பெயர் வந்தது. சக்கரம் வைத்த புது நாற்காலியும் வந்தது.

அதில் அவள் உட்கார்ந்த மூன்றாம் நாள், வேலைக்குச் சேரும்போது கொடுத்த சான்றிதழ்களைத் திரும்ப வாங்கிப்போக ஒருத்தி வந்தாள். செல்லக்கிளி. இருபத்து மூன்று வயசு. மேலே ஸ்டோரில் காய் எடை போடுகிற வேலை கிடைத்ததென்று துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்தவள். முன்வாசலில் நின்ற இருவரில் ஒருத்தி. துணிக்கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

பாண்டீஸ்வரி கவரைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். செல்லக்கிளி எண்ணிப் பார்த்துவிட்டு, போகாமல் நின்றாள்.

"அக்கா, அந்த வெப்சைட்ட வெளியிடுறதுக்கு முன்னாடி ஒருத்தர்ட்டகூட காட்டிக் கேக்கலயாக்கா?"

"கேட்டாங்க. எங்கிட்டயுந்தான் கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

பாண்டீஸ்வரி பொய் சொல்ல நினைத்தாள், வரவில்லை. "நல்லாருக்குன்னு சொன்னேன்" என்றாள்.

செல்லக்கிளி கோபப்படவில்லை. வைதிருந்தாலாவது தேவலை. தலையை ஆட்டி, "ஒங்களுக்கே நல்லாருந்துருக்குன்னா, எனக்குத்தான்க்கா பாக்கத் தெரியல" என்றாள். கவரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பஸ்சுக்கு நேரமாகிறது என்று படியிறங்கினாள்.

அவமானமாக இருந்தது பாண்டீஸ்வரிக்கு. பின்னாலேயே ஓடி, ஒன் மேல தப்பில்லடி என்று சொல்லியிருக்கலாம். வாசலுக்குப் பத்தடிதான். அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.