குனிவதற்காக ஒரு சத்திரசிகிச்சை

உடம்பு இளைக்கச் சத்திரசிகிச்சை செய்யும் இடத்தில் தாதி வேலை என்றால், பாதி நாள் அடுத்தவர்களின் சாப்பாட்டுக் கனவைக் கேட்பதிலேயே போய்விடும். திங்கட்கிழமையிலிருந்து குறைக்கிறேன் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவரும் அன்பர்களே, நானும் உங்கள் கட்சிதான். கண்டியில் எங்கள் கிளினிக் ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை மூடுபனிக்குள் போவதும் வருவதுமாக இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்பதாலோ என்னவோ, நோயாளிகள் சொல்வதெல்லாம் எனக்குப் பாதிக் கனவாகத்தான் கேட்கும். அதில் அலவத்துகொட நஸீரா தாத்தா சொன்னது மட்டும் இன்னும் கலையவில்லை. இங்கே முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

தங்கச்சிக்கு வெட்டியது

அவருக்கு நாற்பது வயது. நாலு வருஷமாகக் கதிரையில் உட்கார்ந்துதான் தொழுகிறார். நெற்றியை நிலத்தில் வைத்து ஒழுங்காக ஒரு ஸுஜூது செய்ய வேண்டும், அதற்காகத்தான் வந்தேன் என்றார். வைத்தியர் சிங்களத்தில் சொல்ல, நான் தமிழாக்கி, கடதாசியில் படமும் வரைந்தேன். ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒடுக்கமாக விடுவார்கள். மற்றதில் இரைப்பையின் உச்சியில் சின்னப் பை ஒன்றைப் பிரித்து, நேரே குடலோடு இணைப்பார்கள். என் கைவண்ணத்தில் இரண்டுமே கத்தரிக்காயாக வந்தன.

அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. முந்தின வருஷம் அவருடைய தங்கச்சி முதல் முறையைச் செய்துகொண்டு பாதியாக இளைத்திருந்தாள்.

"தங்கச்சிக்கு வெட்டினதயே எனக்கும் வெட்டச் சொல்லுங்க மிஸ். நாங்க ரெண்டு பேரும் ஒரே துணியிலதான் உடுப்பே தைக்கிற."

'இல்லை' என்று ஒரு கோடு

நெஞ்செரிவு உண்டா என்று எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் 'இல்லை'யில் கோடு போட்டிருந்தார். சோதனைகள் பாக்கி இருந்தாலும், முதல் முறையே போதும் என்றுதான் பேச்சு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. ஸுஜூது எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். கதிரையில் இருந்தபடியே முன்னால் குனிந்து காட்டினார். பாதியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். தொண்டை வரை புளித்து எரிகிறதாம்.

முழங்கால் வலி என்றல்லவா நாங்கள் நினைத்திருந்தோம். அவரைக் கதிரையில் ஏற்றியதே இந்த எரிவுதான். முதல் முறை நெஞ்செரிவை இன்னும் கூட்டிவிடலாம். இளைத்த பிறகும் அவரால் குனிய முடியாமலே போயிருக்கும். பிறகு ஏன் இல்லை என்று கோடு போட்டீர்கள் என்றேன்.

"குனிஞ்சாத்தானே மிஸ் வரும். நான்தான் நாலு வருஷமா குனியிறதே இல்லயே."

கனவுக் கொப்பி

வாய் வழியாகக் கமரா விட்டுப் பார்த்த வைத்தியர், இரண்டாவது முறைதான் நல்லது என்றார். ஆயுள் முழுக்க விற்றமின் மாத்திரை, அடிக்கடி இரத்தப் பரிசோதனை என்றதும் தாத்தாவின் முகம் வாடிவிட்டது. முடிவை அவரிடமே விட்டோம். மூன்று நாள் யோசித்துவிட்டு, குனிய முடியுமென்றால் குடலையும் தொடட்டும் என்று வந்து நின்றார்.

சத்திரசிகிச்சைக்கு முன் இரண்டு கிழமை நீராகாரம்தான். குடித்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுத வேண்டும். தினமும் காலையில் அவரிடமிருந்து போன் வரும். ஒரு நாள் கனவில் மகாவலி ஆற்றில் வட்டிலப்பம் மிதந்து வந்ததாம். இன்னொரு நாள் கல்யாண வீட்டுச் சஹனில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டில், அவர் மட்டும் தனியே இருந்தாராம். சோற்றிலிருந்து ஆவி எழும்பி எழும்பி, எதிரில் இருந்த மலையே மறைந்துவிட்டதாம். அன்று முழுக்க எனக்கு எங்கே திரும்பினாலும் நெய்ச்சோற்று வாசம். சொல்லி முடித்தவர் குரலைத் தாழ்த்தினார்.

"கனவுல திண்டதயும் கொப்பில எழுதணுமா மிஸ்?"

முதல் நடை

சத்திரசிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை நடக்க வைப்போம். என் தோளைப் பிடித்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில் இருப்பவர் போல ஒடுக்கமான நடைவழியில் மெல்ல வந்தார். எதிரே தள்ளுவண்டியோடு வந்த ஊழியர் எங்களைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி நின்றார். தாத்தா அவரைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நான் மட்டும் இளைச்சு இந்த வழி அகலமாகாது மிஸ். நீங்க எப்ப அந்த மேசையில படுக்கப் போற?"

லுஹருக்குப் பிறகு

ஐந்து மாதம் போயிருக்கும். மத்தியானம், லுஹர் தொழுகை முடியும் நேரம், சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போது போன் அடித்தது. தாத்தாதான். இனி நிலத்தில் தொழலாம் என்று வைத்தியர் அந்தக் கிழமைதான் அனுமதி கொடுத்திருந்தார். போனில் அழுகைதான் கேட்டது. வலியா, வாந்தியா, எரிகிறதா என்று அடுக்கடுக்காகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை. குனிந்த இடத்திலிருந்து எழும்ப முடியாமல் போய்விட்டதா என்றேன்.

"ஏலாம இல்ல மிஸ். நெத்தி நிலத்தில பட்டிச்சு, எரியல்ல. எழும்பத்தான் மனசு வரல்ல."

நானும் அழுதுவிட்டேன். சோறு ஆறிப்போனது.

எங்கள் கிளினிக் தராசு பாவம், கிலோவுக்கு மேல் எதுவும் படிக்கவில்லை.